ஆள்புகை

ஜெசிந்தாவின் மூக்குக்கு அரசாங்கச் சான்றிதழ் உண்டு. வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும். கண்ணைக் கட்டி ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஏதோ ஒரு சாம்பலை நீட்டி, என்னவென்று கேட்பார்கள். கடைசியாகப் போனபோது, "கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவினது. பொண்ணு வீட்டுக்காரங்க கஞ்சப் பிசினாறிங்க, மஞ்சள்ல பாதி மாவு" என்று சொல்லிவிட்டாள். பரிசோதகருக்கு வியர்த்துவிட்டது. அது அவர் மகளுடைய பத்திரிகை. சான்றிதழை மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தூத்துக்குடியில் கருவாட்டுக் கிடங்கை ஒட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். எந்த நாற்றத்துக்கும் முகம் சுளிக்காத மூக்கு அங்கே வாய்த்தது. ஒரு வாசனையைப் பற்றி இன்றுவரை அவள் பொய் சொன்னதில்லை. சொன்னால் சான்றிதழ் போய்விடும் என்பது ஒரு பக்கம். அதைவிட, பொய் சொல்ல வராது என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு திமிர் இருந்தது.

அந்த மூக்கை நம்பித்தான் மோப்பி ஓடியது. மோப்பி என்பது பிரஷர் குக்கர் அளவுக்கு ஒரு கருவி. கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு; பக்கத்தில் எது புகைந்தாலும் அதில் ஒரு துளி போய் அங்கே ஒண்டிக்கொள்ளும். மோப்பி ஒளிக்கதிரால் கல்லை மயிரிழை மயிரிழையாகச் சூடாக்கி, ஒண்டியிருந்ததைக் கிளப்பிவிடும். பிறகு அதே வாசனையைத் தன் சிமிழ்களிலிருந்து கலந்து அறைக்குள் விடும். எவ்வளவு பழையது என்பதைக் கருவியே காட்டிவிடும். என்ன வாசனை என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது. பூண்டா பூனையா என்று சொல்ல ஒரு மனித மூக்கு வேண்டும்.

இப்போது அந்த மூக்கு கூதல்மேட்டுக்கு வேண்டியிருந்தது.

கூதல்மேடு சேலத்துப் பக்கத்து மலையொன்றின் உச்சி. மரம் கிடையாது. கண்ணுக்கெட்டிய மட்டும் புல், பனி, காற்று. அந்தப் புல்லுக்குள் அங்கங்கே பெருங்கற்காலக் கட்டடங்கள் குந்தியிருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு பலகைக்கல், மேலே கூரையாக ஒரு கல், முகப்பில் தலை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. மலைக்காரர்கள் அதைக் கல்லூடு என்கிறார்கள். புத்தகங்கள் கல்லறை என்கின்றன. இந்த வித்தியாசத்தால் இத்தனை காலமும் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை.

இப்போது கெட்டது. புல் காற்றிலுள்ள கரியை விழுங்கும், விழுங்கிய கரிக்கு வெளிநாட்டில் நல்ல விலை என்று தெரிந்த நாளிலிருந்து மலை மேலே மனிதர்கள் இருப்பது அநாவசியமாகிவிட்டது. புல்வெளி மீட்புத் திட்டம் என்று ஒன்று வந்தது. நாற்பது அடுப்புக்குக் குறைவாக எரியும் ஊர்களை அடிவாரத்து அடுக்குமாடிக்கு மாற்றிவிடலாம் என்று சட்டம். தினமும் காலையில் டிரோன் வந்து புகையை எண்ணிவிட்டுப் போகும். சுற்றுவட்டாரத்து ஊர்கள் ஒவ்வொன்றாய் இறங்கிவிட்டன. கூதல்மேட்டில் மட்டும் ஒரு நாளும் நாற்பதுக்குக் குறையவில்லை.

திட்டத்தின் ஆணையருக்கு இது கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. சட்டத்தைப் புரட்டி வேறொரு வழி கண்டுபிடித்தார். கல்லூடுகள் கல்லறைகள் என்றால் மேடு முழுவதும் நினைவிடம். யாரும் குடியிருக்க முடியாது. வீடுகள் என்றால் அது தொன்றுதொட்டு மனிதர் வாழும் ஊர். யாரையும் கிளப்ப முடியாது. வீடா, கல்லறையா என்று மூக்கு சொல்லட்டும்.

ஜீப் கடைசி வளைவில் திரும்பியபோது ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள். மேட்டின் விளிம்பு நெடுகக் குடிசைகள், ஒவ்வொன்றின் மேலும் புகை.

"பெரிய ஊருதான் போல" என்றாள்.

"அதான் பிரச்சினையே" என்றார் அவளோடு வந்த தொல்லியல் நிபுணர் அனந்தபத்மன். கல்லறை என்ற கட்சிக்கு அவர் பல வருடத்துச் சந்தாதாரர்.

அவர்களுக்கு இடம் கொடுத்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். டீச்சரம்மா லீவு என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள் சடைச்சி. ஊர்க்கவுண்டர் பெரியண்ணனின் மனைவி. ஐம்பது வயதிருக்கும், கண்ணில் எந்நேரமும் ஒரு சிரிப்பு ஒளிந்துகொண்டிருந்தது. அறையில் சாக்பீஸ் வாசனையே இல்லை. எல்லாம் இப்போது திரையில் எழுதுகிற காலம் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு, "தினைக்காட்டுக் காவலுக்குப் போயிருக்காங்க அம்மிணி, பன்னித் தொல்லை" என்றாள் சடைச்சி.

மோப்பியை மேசையில் பார்த்ததும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தட்டிப் பார்த்தாள்.

"இது என்னத்தச் சமைக்கும்?"

"சமைக்காதுக்கா. மோந்து பாக்கும்" என்றாள் ஜெசிந்தா. "கல்லுல பொகை ஒண்ணு மேல ஒண்ணாப் படிஞ்சிருக்கும், வெங்காயத் தோல் கணக்கா. மேல புதுசு, அடியில பழசு. ஒவ்வொண்ணா உரிச்சுக்கிட்டே போவும்."

"உரிச்சு?"

"சாப்பாட்டு வாசனை வந்தா வீடு. பொணத்துக்குப் பூசுற எண்ணெய், எலும்பு கருகுன வாசனை வந்தா கல்லறை."

"சாப்பாட்டு வாசன வந்தா ஊடு" என்று சடைச்சி மனப்பாடம் செய்வதுபோலச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

முதல் தப்பைச் செய்தவர் அனந்தபத்மன். மூன்று பட்டம் வாங்கியவர்தான். ஆனாலும் புது வேலையைச் சும்மா தொடங்க அவருக்கு மனசு வராது. முதல் கல்லூட்டின் கூரைக்கல்லில் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றிவிட்டுத்தான் கல்லைத் தொட விட்டார். மறுநாள் காலை மோப்பி அறைக்குள் விட்ட முதல் மூச்சு கோயில் கருவறையாக மணந்தது.

அவர் கண் கலங்கிவிட்டது. "கற்பூரம். அப்பவே கற்பூரம் ஏத்தி ஈமக்கடன் செஞ்சிருக்காங்க ஜெசிந்தா. நான் அடுத்த புத்தகத்தையே இதை வச்சு எழுதிடுவேன்."

"சார், வயசக் காட்டுற முள்ளப் பாருங்க. நேத்து சாயங்காலம்னு காட்டுது."

"முள்ளுல கோளாறு இருக்கும்."

"தேங்காத் தண்ணியும் வருது சார். கொஞ்சம் அழுகல் தேங்காய்."

அதற்குள் அவர் இரண்டு பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அன்று முழுவதும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாவது கல்லூட்டில் இருந்து பெயர்த்தெடுத்த கல்சில்லு அதைவிட அமர்க்களம். மோப்பி மூச்சுவிட்டதும் அறை முழுக்கக் கொள்ளுக் குழம்பு மணம். அனந்தபத்மனுக்கே நாக்கில் நீர் ஊறியது. "அப்ப வீடுதானா?" என்றார் தோற்ற குரலில். முள் இந்தத் தடவையும் நேற்றைத்தான் காட்டியது; அவர்தான் முள்ளை நம்புவதில்லையே. ஜெசிந்தா மூன்று தும்மல் தும்மினாள்.

"மிளகாய் சார்."

"இருக்கட்டுமே."

"மிளகாய் கப்பலேறி நம்ம ஊருக்கு வந்தே ஐந்நூறு வருஷந்தான் சார் ஆகுது."

அடுப்புக்கு மேலே பரணில் தொங்கிப் புகையில் காய்ந்த மிளகாய் அது. பூண்டு ஒரு பங்கு கூடுதலாகவே கருகியிருந்தது. தாளிக்கும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் கை. அவள் நேராகச் சடைச்சியைத் தேடிப் போனாள். சடைச்சி முறத்தில் தினை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கல்லூட்டுல யாரு சமைச்சது?"

"எந்தக் கல்லூட்டுல?"

"கொள்ளுக் குழம்பு வச்ச கல்லூட்டுல."

முறம் நிற்கவில்லை. "நல்லா இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மிளகாய் போட்டிருக்கீங்க. அந்தக் காலத்துல மிளகாயே கெடையாதுக்கா."

இப்போது முறம் நின்றது. "மொளகா இல்லாம கொள்ளு எப்படி எறங்கும்?"

"மிளகு போட்டிருப்பாங்க."

"அடச்சே" என்றாள் சடைச்சி உண்மையான வருத்தத்தோடு. "மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"

ஜெசிந்தாவால் கோபப்பட முடியவில்லை. சிரித்துவிட்டாள். சடைச்சி சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந் தங்கச்சி ஊருதான் மொதல்ல எறங்குச்சு. ஏழாவது மாடியில ஊடு குடுத்தாங்க. ஆடு வளக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. பொழுது போவலன்னு தெனமும் லிஃப்ட்டுல ஏறி ஏறி எறங்கிட்டு இருக்கா. போன மாசம் பாத்தப்ப என்னய வாங்கன்னு மரியாதையாக் கூப்புட்டா. எங்கூடப் பொறந்தவ. அதான் பயமா இருக்குது."

ஜெசிந்தா முறத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கல்லின் மேல் தோலை உரித்துவிட்டு ஆழத்துக்குப் போகப் போவதாக மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. சாப்பாடு தினமும் ஒரு வீட்டிலிருந்து வந்தது. இது வெள்ளையன் ஊடு, இது குப்பாயி ஊடு என்று சொல்லித் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போவாள் சடைச்சி. ஜெசிந்தா மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். வேலை நடக்கும் நாட்களில் மூக்குக்கு ஓய்வு வேண்டும் என்பது அவள் தொழில் வைராக்கியம். வாயில் போனது வெறும் காரமாகவும் வெறும் உப்பாகவும்தான் இருந்தது.

மேடு முழுக்கச் சுற்றிச் சில்லு எடுத்ததில் ஒன்று அவளுக்கு விளங்கவில்லை. எல்லாக் கல்லூட்டின் துளையும் மலையேறி வரும் பாதையைப் பார்த்தே இருந்தது. காற்று நேராக முகத்தில் அறையும் பக்கம். குளிரில் குடியிருக்கிறவன் அந்தப் பக்கமா வாசல் வைப்பான்?

ஆழத்துச் சில்லை மோப்பியில் வைத்த மத்தியானம் அனந்தபத்மன் உண்ட களைப்பில் பெஞ்சில் படுத்திருந்தார். முள் மெல்ல நகர்ந்து மூவாயிரம் வருடத்தைத் தொட்டு நின்றது. மோப்பி மூச்சுவிட்டது. ஜெசிந்தா மோந்து பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டாள். வெளியே குடிசைகளில் இருந்து வரும் புகை அறைக்குள் புகுந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது. ஜன்னலைச் சாத்த எழுந்து போனாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது.

அவள் திரும்பி வந்து இன்னொரு முறை மோந்தாள். ஈரப்புல், கொஞ்சம் சாணி, மேலே தெளித்த தண்ணீர். அடுப்பு எரிகிற புகை அல்ல. எரியாமல் புகைய வேண்டும் என்றே போட்ட புகை. கொள்ளு இல்லை, தினை இல்லை, கறி இல்லை. பிணத்தெண்ணெயும் இல்லை. அடுத்த கல், அதற்கடுத்த கல், எல்லாவற்றிலும் அதே வெறும் புகை. ஒரே ஒரு கல்லில் மட்டும் அதன் நடுவே ஒரு காட்டு வள்ளிக்கிழங்கு, ஒரு பக்கம் தீய்ந்துபோய்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மேட்டின் விளிம்பில் குடிசைகள் புகைந்துகொண்டிருந்தன. அவ்வளவு அடுப்பு எரிகிறது; ஓர் அடுப்பிலிருந்தும் சோற்று வாசனை வரவில்லை. வந்த நாளிலிருந்து இது மூக்கில் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மூக்கு சொன்னதை அவள்தான் கேட்கவில்லை.

முதல் குடிசையைத் திறந்தாள். ஆள் இல்லை. பாய் இல்லை, பாத்திரம் இல்லை. நடுவில் ஈரப்புல் குவியல் புகைந்துகொண்டிருந்தது. இரண்டாவதிலும் அதுதான், கூடுதலாக ஓர் ஆடு. மூன்றாவதில் ஊர்க்கவுண்டர் பெரியண்ணன் குந்தி உட்கார்ந்து புகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கனலுக்குள் ஒரு வள்ளிக்கிழங்கு கிடந்தது. அவளைப் பார்த்த திகைப்பில் அதைப் புரட்ட மறந்துபோனார். ஒரு பக்கம் தீய்ந்தது.

பின்னாலேயே சடைச்சி ஓடி வந்தாள். இனி மறைப்பதற்கில்லை என்று தெரிந்ததும் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆளுப்பொகை அம்மிணி. ஊருல இருக்கறது பதினோரு ஊடுதான். கீழ இருந்து ஆளு வந்தா எல்லாத்துலயும் பொகை போடணும். இத்தன சனமான்னு மலைச்சுப்போயித் திரும்பிடுவாங்க. மாடு திருட வந்தவனுக்கும் போட்டோம், வரி கேட்டு வந்தவனுக்கும் போட்டோம். இப்ப இந்தப் பறக்கறதுக்குப் போடறோம்."

"யாருக்கா சொல்லிக்குடுத்தது?"

"இதயெல்லாம் ஒருத்தரு சொல்லியா குடுப்பாங்க? எப்பவும் செய்யறதுதானுங்களே."

துளைகள் ஏன் பாதையைப் பார்த்து இருந்தன என்று ஜெசிந்தாவுக்கு இப்போது விளங்கியது. கல்லூட்டில் யாரும் குடியிருக்கவில்லை, யாரையும் புதைக்கவில்லை. மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே இருந்த நாலைந்து குடும்பம் கீழிருந்து ஏறி வருகிறவனை மிரட்டுவதற்காகக் கட்டிய பொய்யூர் அது. காவல் இருந்தவனுக்குப் பசித்திருக்கிறது, கிழங்கு சுட்டிருக்கிறான். எவனோ வருகிற சத்தம் கேட்டுப் புரட்ட மறந்திருக்கிறான். அந்த ஆட்களுடைய பிள்ளைகள்தான் இவர்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சாட்சியைச் சொன்னால் கூதல்மேட்டின் அடுப்புக் கணக்கு அம்பலமாகிவிடும். சொல்லாமல் வீடு என்று எழுதினால் பொய். வீடில்லை என்று எழுதினால் பெரியண்ணனும் சடைச்சியும் லிஃப்ட்டில் ஏறி இறங்க வேண்டும்.

"எனக்குப் பொய் வராதுக்கா" என்றாள். அழுகை வரும்போல் இருந்தது.

"உன்னயப் பொய் சொல்லச் சொல்லலயே" என்றாள் சடைச்சி. "நாங்க மட்டும் என்னிக்குப் பொய் சொன்னோம்? பொகைதான போட்டோம். ஆளு இருக்குதுன்னு நெனச்சுக்கறது கீழ இருக்கறவங்க வேல."

ஆணையர் அந்த வாரமே மேலே வந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு நல்ல நாற்காலியாக ஒன்றைத் தேடிப் போட்டார்கள். கல்லறை என்று எழுதிக் கொண்டுவந்த ஆணையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"புத்தகம் எல்லாம் ஈமச்சின்னம்னுதான் சொல்லுது" என்று அனந்தபத்மன் ஆரம்பித்தார்.

"மூக்கு என்ன சொல்லுது?" என்றார் ஆணையர்.

"நீங்களே மோந்து பாருங்க சார்" என்றாள் ஜெசிந்தா. "பொகையோட வயசு மூவாயிரம். முள்ளப் பாத்துக்கிடுங்க." மோப்பியை முடுக்கினாள்.

புகை வந்தது. ஆணையர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் சந்தேகம் தெரிந்தது. அதன் பின்னால் கிழங்கு வந்தது. அடிவாரத்திலிருந்து வெறும் வயிற்றோடு மலையேறி வந்தவர் பாவம், எச்சிலை விழுங்கியது எல்லோருக்கும் கேட்டது.

"கிழங்கு சுடற வாசனை" என்றார்.

"வள்ளிக்கிழங்கு சார்."

"படையலா இருக்கலாம்" என்றார் அனந்தபத்மன் அவசரமாக. "செத்தவங்களுக்கு வச்ச படையல்."

"ஒரு பக்கம் தீஞ்சிருக்குய்யா. சாமிக்கு வைக்கறதை யாராவது தீய விடுவாங்களா? இது வீட்ல எதையோ பேசிக்கிட்டே சுட்டது." ஆணையருக்கே தன் வாதம் பிடித்துப்போய்விட்டது. "மத்த கல்லுல எல்லாம்?"

"எல்லாக் கல்லுலயும் பொகை இருக்கு சார்" என்றாள் ஜெசிந்தா.

"அத்தனையிலயுமா?"

"ஒண்ணு பாக்கி இல்ல."

ஆணையர் ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தார். கல்லூடுகளையும் அதற்கப்பால் புகைந்துகொண்டிருந்த குடிசைகளையும் பார்த்தார். "அந்தக் காலத்துலயே இவ்வளவு ஜனமா" என்று முணுமுணுத்தார். ஜெசிந்தா வாயைத் திறக்கவில்லை. வாசலில் நின்ற சடைச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆணையர் கொண்டுவந்த ஆணையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீடு என்று வேறொன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது சடைச்சி ஒரு கூடை நிறைய இலைப்பொட்டலம் கொண்டுவந்து ஜீப்பில் ஏற்றினாள். "பதினோரு ஊட்டுக்காரங்களும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க அம்மிணி. தினைக்காட்டுல வேல, நேருல வர முடியலன்னு கோச்சுக்கக் கூடாதாம்." ஜெசிந்தாவின் கன்னத்தைத் தடவி விரலை நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள்.

அனந்தபத்மன் ஆணையரின் காரிலேயே போய்விட்டார். ஜீப்புக்கு ஒரு புது டிரைவர் வந்திருந்தான். முதல் வளைவில் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினான். வேலை முடிந்துவிட்டது, இனிப் பஞ்சு வேண்டியதில்லை. ஜெசிந்தா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, இத்தனை நாளில் முதல் தடவையாக, ஆசை தீர மோந்து பார்த்தாள்.

கொள்ளுத் துவையல். பரணில் புகைந்த மிளகாய், ஒரு பங்கு கூடுதலாகக் கருகிய பூண்டு.

அடுத்ததைப் பிரித்தாள். கிழங்குப் பொரியல். அதே மிளகாய், அதே பூண்டு. மூன்றாவதில் தினைச்சோறு, தாளிக்கும்போது அங்கேயும் யாரோ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு பொட்டலத்தையும் மடியில் பரப்பி ஒவ்வொன்றாக மோந்தாள். பதினொன்றும் ஒரே கை.

சாக்பீஸ் மணக்காத பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்தது. தினைக்காட்டிலிருந்து கடைசிவரை திரும்பி வராத சனம் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை நாளில் அவள் பார்த்த முகம் இரண்டுதான். பதினோரு வீடு என்பதும் புகைதான். அது அவளுக்கென்று தனியாகப் போட்டது. நெஞ்சு வலித்தது. கூடவே அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது. மிளகாய் நெடி வேறு ஏறி, சான்றிதழ் பெற்ற மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது.

டிரைவர் மூடியைத் திருகிக்கொண்டே மேலே பார்த்தான். விளிம்பு நெடுகப் புகை எழுந்துகொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் புதிதாக ஒன்று கிளம்பியது.

"மேல ஏகப்பட்ட சனம் போலருக்கே மேடம். எத்தன ஊடு இருக்கும்?"

"எண்ணிப் பாருங்களேன்" என்றாள் ஜெசிந்தா.

அவன் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினான். காற்றில் புகை ஒன்றோடொன்று கலந்தது. பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அப்புறம் கையைக் கீழே போட்டான்.

"பெரிய ஊருதான் மேடம்" என்றான்.

ஜெசிந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினாள்.